ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(ரப்பர் ஆலைத் தொழிலாளர் பயிற்சிக் கூட்டமொன்றில், எரிசக்திச் சட்டத்தைப் பற்றி நிகழ்த்தப்பெற்ற உரை)



சம்பளம், போனஸ், லீவு என்று கேட்டுப் பழகிய உங்கள் செவிகளுக்கு இன்றைய பொருள் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். நம் ஆலைகளில் செலவாகும் மின்சாரத்தையும் டீசலையும் எரிவாயுவையும் பற்றிப் பேசப் போகிறேன். "அதெல்லாம் ஆபீஸ் காரியம், என்ஜினியரும் கிராணியும் பார்த்துக்கொள்வார்கள். உருளையடியில் நிற்கும் நமக்கு அதில் என்ன வேலை?" என்று உங்களில் ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் இன்று ஆலையிடம் கேட்பது கணக்கு. அந்தக் கணக்கு பிறக்கும் இடம் ஆபீஸ் மேசையன்று. நீங்கள் நிற்கும் உருளையடியிலும் உலர்த்தியடியிலும் பாய்லரடியிலுமே அது பிறக்கிறது. நீங்கள் எழுதாத கணக்கை எந்த நிபுணர் வந்தாலும் எழுத முடியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். பால் நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோ குறைந்தாலும் நாம் விட்டுக்கொடுப்பதில்லை. நிறுவைத் தட்டைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. அதே கண்களை இனி மின்சார மீட்டரின் பக்கமும் திருப்ப வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

2024ஆம் ஆண்டின் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் என்பது இதன் பெயர். மலேசியச் சட்டங்களின் வரிசையில் இது 861ஆம் சட்டம். 2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் நடைமுறைக்கு வந்தது. சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையம் இதை நடத்துகிறது.

தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தியைச் செலவிடும் ஆலை இச்சட்டத்திற்கு உட்படும். அத்தகைய ஆலை, பதிவு பெற்ற எரிசக்தி நிர்வாகி ஒருவரை நியமிக்க வேண்டும். எரிசக்தியை எப்படி நிர்வகிக்கிறோம் என்பதற்கு ஒழுங்கான முறை ஒன்றை வகுத்து நடத்த வேண்டும். பதிவு பெற்ற தணிக்கையாளரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும். ஆணையத்திற்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் உண்டு. இந்தக் கடமைகள் எல்லாம் ஆலையை நடத்துவோர் மீது சுமத்தப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு முன்னரும் ஒரு விதி இருந்தது. மின்சார எரிசக்தியைத் திறம்பட நிர்வகிக்கும் ஒழுங்குவிதிகள் 2008ஆம் ஆண்டில் வந்தன. தொடர்ந்து ஆறு மாதங்களில் 30 லட்சம் யூனிட் அல்லது அதற்கு மேல் மின்சாரம் எடுத்த இடங்களை அவை கட்டுப்படுத்தின. ஆனால் அவை மின்சாரத்தை மட்டுமே பார்த்தன. டீசலையும் எரிவாயுவையும் எவ்வளவு எரித்தாலும் அந்த விதி கேட்கவில்லை. புதிய சட்டமோ மின்சாரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கூட்டுகிறது. ரப்பர்த் தொழிலைப் பொறுத்தவரை முக்கியமான மாற்றம் இதுதான். ஏனென்றால், நம் தொழிலே சூட்டினால் நடக்கும் தொழில்.

கிகாஜூல் என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டு மலைக்க வேண்டாம். மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 3.6 மெகாஜூல் ஆகும். ஆயிரம் மெகாஜூல் சேர்ந்தால் ஒரு கிகாஜூல். இந்தக் கணக்கின்படி 21,600 கிகாஜூல் என்பது 60 லட்சம் யூனிட் மின்சாரத்திற்குச் சமம். மாதத்திற்கு 5 லட்சம் யூனிட். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. பத்து யூனிட் மின்சாரத்திற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 21,600 கிகாஜூல் என்பது டீசல் கணக்கில் 6 லட்சம் லிட்டர்.

இப்போது ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். உதாரணத்திற்காக நான் சொல்லும் ஆலை இது. மாதம் 3 லட்சம் யூனிட் மின்சாரம் எடுக்கிறது. 25,000 லிட்டர் டீசல் எரிக்கிறது. பழைய விதிப்படி இதற்குக் கவலையில்லை. மாதம் 5 லட்சம் யூனிட்டை மின்சாரம் தொடவில்லை. புதிய கணக்கைப் பாருங்கள். 3 லட்சம் யூனிட் என்பது 1,080 கிகாஜூல். 25,000 லிட்டர் டீசல் 900 கிகாஜூல். இரண்டும் சேர்ந்து மாதம் 1,980. சட்டத்தின் எல்லை மாதத்திற்குச் சராசரி 1,800. ஆக, நேற்றுவரை வெளியே நின்ற ஆலை, ஓர் இயந்திரத்தைக் கூடச் சேர்க்காமலே இன்று சட்டத்திற்குள் வந்துவிட்டது. இதை அந்த ஆலையின் மானேஜர் அறியாமல் இருக்கக் கூடும். கணக்குப் போட்டுப் பார்த்த தொழிலாளி அறிந்திருப்பான்.

சிங்கப்பூரிலும் இதுபோன்ற கட்டளை 2013ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அங்கு ஆண்டுக்கு 54 டெராஜூல், அதாவது ஒன்றரைக் கோடி யூனிட்டுக்குச் சமமான எரிசக்தியை எடுக்கும் தொழில் நிறுவனங்கள் எரிசக்தி நிர்வாகியை நியமித்து, கணக்குக் காட்டி, சீர்திருத்தத் திட்டமும் கொடுக்க வேண்டியிருந்தது. நம் எல்லை அதைவிடக் கீழே இருக்கிறது. எனவே இங்கு நடுத்தர ஆலைகளும் வலைக்குள் வருகின்றன.

நம் ஆலையில் எரிசக்தி எங்கே போகிறது?

1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் தர முறை வந்த பிறகு, ஷீட் போட்டுப் புகைக்கூடத்தில் தொங்கவிட்ட வேலை குறைந்து, ரப்பரைத் தூளாக்கி உலர்த்திக் கட்டியாக அழுத்தும் வேலை பெருகியது. புகைக்கூடத்தில் ரப்பர் விறகு எரிந்தது. நாள் கணக்கில் மெல்ல உலர்ந்தது. இன்றைய உலர்த்தியில் நூறு டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சில மணி நேரத்தில் உலர்கிறது. அந்தச் சூட்டை டீசலோ எரிவாயுவோ தருகிறது. கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் நறுக்குகிற, கழுவுகிற, உருளையில் நசுக்குகிற இயந்திரங்களை மின்சார மோட்டார்கள் ஓட்டுகின்றன. கையுறை ஆலைகளில் இதைவிட அதிகம். கை அச்சுகள் இரவு பகலாகச் சூட்டடுப்பின் ஊடே போய்க்கொண்டிருக்கின்றன; கழுவும் தொட்டிகளில் நீர் சூடாகவே இருக்க வேண்டும்.

இவற்றில் எங்கே விரயம் என்று பார்ப்போம். நீங்கள் நாள்தோறும் காண்பவற்றையே சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். உருளை சரியாக நெருக்காமல், நீர் வடியவும் நேரம் கொடுக்காமல், ரப்பரை அவசரமாக உலர்த்திக்குள் தள்ளுகிறார்கள் என்று வையுங்கள். ஒரு டன் ரப்பரோடு 100 கிலோ நீர் கூடுதலாக உள்ளே போகிறது. அந்த நீரை விரட்ட மட்டும் ஆறு லிட்டருக்குக் குறையாத டீசல் எரிய வேண்டும். அடுப்பிலும் புகைபோக்கியிலும் போகும் நட்டத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். உருளையில் நெருக்கி வெளியேற்றும் நீர் மலிவு. நெருப்பால் வெளியேற்றும் நீர் விலை அதிகம். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்கு செய்தாலே பல ஆலைகளில் டீசல் தொட்டி இறங்கும் வேகம் குறையும்.

இரண்டாவது, அளவு மீறிய சூடு. உலர்ந்த பிறகும் உள்ளே வைத்திருந்தால் எண்ணெய் வீணாவதோடு ரப்பரும் கெடுகிறது, பி.ஆர்.ஐ. என்னும் அளவு இறங்கித் தரம் தாழ்கிறது. சூடு போதாவிட்டாலோ கட்டியின் நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கிறது. மீண்டும் உலர்த்த வேண்டும். ஒரே ரப்பருக்கு இருமுறை எண்ணெய் செலவு. துளை விழுந்து ஒதுக்கப்படும் கையுறையும் அப்படித்தான். அதற்குச் செலவான பாலை நாம் கணக்கிடுகிறோம். அதற்குள் எரிந்துபோன வாயுவை யாரும் கணக்கிடுவதில்லை.

மூன்றாவது, காற்று. கம்ப்ரெசர் தரும் அழுத்தக் காற்று இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆலையில் அதைவிட விலையுயர்ந்த பொருள் குறைவு. ஏழு பார் அழுத்தமுள்ள குழாயில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதற்காக மட்டும் கம்ப்ரெசர் மூன்று முதல் நான்கு கிலோவாட் மின்சாரம் இழுக்கும். மூன்றரை என்று வைத்து, இரவு பகலாக 330 நாள் ஓடினால் ஏறக்குறைய 27,700 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 40 காசு என்று வைத்துக்கொண்டாலும் 11,000 வெள்ளி. ஒரு சின்ன ஓட்டை; ஒரு வாஷர் போட்டால் அடைபடும்! ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரெசரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். யாரும் காற்று எடுக்காதபோது, எட்டு நிமிடத்தில் இரண்டு நிமிடம் அது காற்றை ஏற்றி உழைத்தால், அதன் காற்றில் நாலில் ஒரு பங்கு ஓட்டை வழியே போகிறது என்று பொருள். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவது போலச் சோப்பு நீர் தடவினால் இடம் தெரிந்துவிடும்.

நான்காவது, மோட்டார். 15 குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று முழுப் பளுவில் ஓய்வின்றி ஓடினால், அதே 40 காசு கணக்கில், மாதத்திற்கு ஏறக்குறைய 3,400 வெள்ளி மின்சாரம் தின்னும். வாங்கிய விலையை ஓரிரு மாதத்திலேயே தின்றுவிடுகிறது. எனவே எரிந்துபோன மோட்டாரை மலிவாகக் கம்பி சுற்றி மாட்டுவது எப்போதும் சிக்கனமாகாது. காற்றாடிக்கும் நீர்ப்பம்புக்கும் இன்னொரு விசேஷம் உண்டு. அவற்றின் வேகத்தை நூற்றுக்கு எண்பதாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கதவைப் பாதி மூடிக் காற்றைத் தடுப்பதைவிட, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மாட்டி மோட்டாரையே மெல்ல ஓடச் செய்வது மேல்.

ஐந்தாவது, பாய்லர். புகைபோக்கி வழியே போகும் புகையின் சூட்டை 20 டிகிரி குறைத்தால் எரிபொருளில் நூற்றுக்கு ஒன்று மிச்சமாகும். உள்ளே விடும் நீரை, வீணாகும் சூட்டைக் கொண்டு ஆறு டிகிரி கூடுதலாகச் சூடேற்றினாலும் நூற்றுக்கு ஒன்று. உறை கழன்ற நீராவிக் குழாய் ஆலையையும் சுடவைத்து ஆளையும் சுடுகிறது.

ஆறாவது, துவக்கம். பெரிய ஆலைகளின் மின்சார பில், எடுத்த யூனிட்டுக்கு மட்டும் வருவதில்லை. மின்சாரத்தை மிக அதிகமாக இழுத்த அரைமணி நேரத்தை அளந்து அதற்கும் கட்டணம் உண்டு. காலையில் எல்லா இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றி ஓட்டினால், அந்த அரைமணியின் உயரம் மாதம் முழுவதற்கும் பில்லில் நிற்கக்கூடும். ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விட்டு ஓட்டினால் ஒரு காசு செலவின்றி அது குறையும்.

கணக்குப் புத்தகத்தில் என்ன இருக்க வேண்டும்?

கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும் என்பார்கள். ஆலையில் கணக்குப் பாராவிட்டால்தான் பிணக்கு. பில்லின் தொகை குறைந்துவிட்டது என்று மகிழ்வதும் கணக்கன்று. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜனவரி மாதம் 400 டன் ரப்பர், 80,000 யூனிட் மின்சாரம். பிப்ரவரியில் மரங்கள் இலையுதிர்த்தன, பால் குறைந்தது, 300 டன் ரப்பர், 72,000 யூனிட். பில் குறைந்தது என்று ஆபீஸில் திருப்தி. ஆனால் டன் கணக்கில் பாருங்கள். ஜனவரியில் டன்னுக்கு 200 யூனிட், பிப்ரவரியில் 240. நூறு டன் குறைந்தும் 8,000 யூனிட்தான் குறைந்திருக்கிறது. அப்படியானால் ஒரு டன்னுக்கு உண்மையில் வேண்டியது 80 யூனிட். மீதியான 48,000 யூனிட், ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதந்தோறும் போய்க்கொண்டிருக்கிறது. காலியாக ஓடும் உருளை, அணைக்காத காற்றாடி, ஒழுகும் காற்று, ஆளில்லா இடத்தில் எரியும் விளக்கு எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. கழிவுநீர்க் குளத்துக் காற்றூட்டி போன்ற அவசியமான செலவும் அதில் உண்டு. எது அவசியம், எது விரயம் என்று பிரிப்பதே எரிசக்தி நிர்வாகியின் முதல் வேலை. பிரித்துக் காட்டத் தக்கவர்கள் நீங்கள்.

ஆகையால் ஆயத்தம் என்பது இன்ன இன்ன என்று சொல்கிறேன். கடந்த 12 மாத மின்சார, டீசல், எரிவாயுச் சீட்டுகள் ஓரிடத்தில் இருக்க வேண்டும். அவற்றைக் கிகாஜூலாக மாற்றிக் கூட்டிய தாள் ஒன்று வேண்டும். பெரிய இயந்திரப் பகுதிகளுக்குத் தனித்தனி மீட்டர் வேண்டும். ஆலை முழுவதற்கும் ஒரே மீட்டர் இருந்தால் திருடனைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் மீட்டர் எண், ஓடிய மணி, உற்பத்தி எடை, நின்ற நேரம், நின்ற காரணம் ஆகிய ஐந்தையும் எழுத வேண்டும். பழுது சொன்ன தேதியும் பழுது தீர்ந்த தேதியும் எழுத வேண்டும். இவ்வளவும் இருந்தால், தணிக்கையாளர் வரும் நாளில் யாரும் ஓடி அலைய வேண்டியதில்லை. இவை இல்லாமல் விலை உயர்ந்த கருவிகளை வாங்கி மாட்டினாலும், மிச்சமானது எவ்வளவு என்று நிரூபிக்க முடியாது.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்கிறேன். மீட்டரைப் பாராமலே நேற்றைய எண்ணோடு கொஞ்சம் கூட்டி எழுதும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். பொய்க் கணக்கு, கணக்கே இல்லாமையைவிடக் கேடு. அதை நம்பித் திட்டம் போடுவார்கள், திட்டம் தவறும், பழி கடைசியில் எழுதியவர் தலையில் விழும்.

சட்டத்தின் எல்லைக்குக் கீழே நிற்கும் சிறிய ஆலைகளின் தோழர்களும் இதைத் தள்ளிவிடலாகாது. சட்டம் பார்ப்பது தொடர்ந்த 12 மாதம். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிய வேண்டும் என்பதில்லை. ஒரு புதிய லைன் போட்டு, ஒரு ஷிப்ட் கூடினால், ஆண்டின் நடுவிலேயே எல்லையைத் தாண்டக் கூடும்.

எதில் கை வைக்கலாகாது?

இனி நான் சொல்லப் போவது இந்த உரையில் மிக முக்கியமானது. சிக்கனம் என்ற சொல் நல்ல சொல். ஆனால் சிக்கனம் செய்யச் சொன்னால் சிலருக்கு முதலில் கண்ணில் படுவது தொழிலாளியின் தலைக்கு மேல் சுழலும் காற்றாடிதான். உலர்த்தியடியிலும் சூட்டடுப்பருகிலும் நிற்பவருக்கு அந்தக் காற்று ஆடம்பரமன்று. வேலையிடத்தில் வெப்பத்தால் வரும் கேடுகளைத் தடுக்க, தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016ஆம் ஆண்டிலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஓட்டைக் குழாயை அடைக்காமல் ஆளின் காற்றாடியை அணைப்பது சிக்கனமாகாது. குளோரின் பயன்படும் இடத்தில் புகையை வெளியே இழுக்கும் விசிறியைக் குறைப்பது உயிருக்கே ஆபத்து. இரவு ஷிப்டில் நடைபாதை விளக்கை அணைப்பதும் அப்படியே. பாய்லரின் பாதுகாப்பு வால்வில், 'நீராவி வீணாகிறது' என்று சொல்லி யாரும் கை வைக்கலாகாது. அடுப்புச் சுவாலையைத் திருத்துவதும் மின்சாரப் பெட்டியைத் திறப்பதும் தகுதிச் சான்று பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், எழுதுங்கள், தெரியாததைத் தொடாதீர்கள்.

1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். எரிசக்தியை மிச்சப்படுத்த நிர்வாகம் போடும் ஒவ்வொரு திட்டமும் நடைமுறைக்கு வருமுன் அந்தக் குழுவின் முன் வரட்டும் என்று கேளுங்கள். "இதனால் சூடு கூடுமா? வெளிச்சம் குறையுமா? காற்று குறையுமா? வேகம் கூடுமா?" என்ற நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நல்ல திட்டம் இந்த நான்கிற்கும் விடை சொல்லும். உறை போட்ட குழாய் சூட்டைக் குறைக்கும். அடைத்த ஓட்டை இரைச்சலைக் குறைக்கும். உண்மையான சிக்கனம் தொழிலாளிக்கும் சுகம் தருவதைப் பெரும்பாலும் காணலாம்.

முன்னே நடந்தது

சட்டம் வருகிறது என்றால் ஆலை மூடப்படும் என்று பயமுறுத்துவோர் எக்காலத்திலும் உண்டு. மூத்த தோழர்களுக்கு 1978ஆம் ஆண்டு நினைவிருக்கும். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், கச்சா ரப்பர் ஆலைகளுக்கென்றே அவ்வாண்டு ஒழுங்குவிதிகள் வந்தன. பால் உறைந்த பின் வடியும் புளித்த நீரை அப்படியே ஓடையில் விடலாகாது என்றும், லைசென்சு வேண்டும் என்றும் விதித்தார்கள். அதன் பின் ஆலைகளில் கழிவுநீர்க் குளங்கள் வந்தன. குளத்தைப் பார்க்க ஆள் வந்தார். நீரை அளந்து எழுதும் பழக்கம் வந்தது. இன்று குளமில்லாத ரப்பர் ஆலையை நாம் நினைத்துப் பார்க்க முடியுமா? அன்று நீருக்கு வந்த ஒழுங்கு இன்று நெருப்புக்கும் மின்சாரத்துக்கும் வந்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. குளம் வெட்டுவது ஆலைக்குச் செலவு. எரிசக்தியை அளந்து விரயத்தை நிறுத்துவதோ, செய்த செலவைத் திருப்பித் தரும் காரியம்.

ஆனால் பயத்திற்கு முழுக் காரணமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணெய்ச் செலவைத் தாங்க முடியாமல் டன்னுக்கு டன் நட்டப்படும் ஆலை, சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நெடுநாள் நிற்காது. கையுறை வாங்கும் வெளிநாட்டார் இன்று விலையை மட்டும் கேட்பதில்லை. அதைச் செய்ய எவ்வளவு எரித்தாய் என்றும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். விடை சொல்ல முடியாத ஆலைக்கு ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் குறையும். பின் ஷிப்ட் குறையும். பின் ஆள் குறையும். மீட்டருக்கும் நம் அடுப்புக்கும் உள்ள உறவு இதுதான்.

இனி செய்ய வேண்டியது

வீட்டுக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்க, சில காரியங்களை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆலை மாதம் எத்தனை யூனிட், எத்தனை லிட்டர், எவ்வளவு வாயு எடுக்கிறது என்று நிர்வாகத்திடம் முறையாகக் கேளுங்கள். இன்று கற்ற கணக்கைப் போட்டு 1,800 கிகாஜூலோடு ஒப்பிடுங்கள். எரிசக்தி நிர்வாகி நியமிக்கப்பட்டிருந்தால் அவரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்; அவர் உங்களுக்கு எதிரியல்லர். ஷிப்டுக்கு ஒருவர் மீட்டர் எழுதும் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்த வேலைக்குரிய நேரம் வேலை நேரத்திலேயே தரப்பட வேண்டும். பாய்லர்காரருக்கும் பராமரிப்புத் தொழிலாளருக்கும் பயிற்சி கேளுங்கள். நம் பிள்ளைகளில் தொழில்நுட்பக் கல்வி கற்றவர்களுக்கு எரிசக்தி நிர்வாகி, தணிக்கையாளர் என்னும் புதிய தொழில்கள் திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லுங்கள். சட்டத்தால் பிறந்த அந்த வேலைகளுக்கு உருளையின் சத்தமறிந்த வீட்டிலிருந்து ஒருவர் போனால், அவரை ஏமாற்ற எந்த இயந்திரத்தாலும் முடியாது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு எங்கே போக வேண்டும் என்ற கேள்வியும் உங்கள் மனத்தில் இருக்கும். அதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். ஆனால் வெறுங்கையோடு அந்த மேசைக்குப் போகக் கூடாது. "இந்த ஆண்டு டன்னுக்கு 240 யூனிட் 200 ஆனது, ஓட்டையைக் கண்டவர்கள் நாங்கள், எழுதியவர்கள் நாங்கள்" என்று காட்டும் புத்தகம் கையில் இருந்தால், அந்தப் பேச்சுக்கு எடை உண்டு.

பால் நிறுவையில் நம் பாட்டன்மார் கேட்ட கேள்வி, "சரியாக நிறுத்தீர்களா?" என்பது. அதே கேள்வியை இன்று மீட்டரின் முன் நின்று கேட்போம். நாளைக் காலை ஷிப்டில் முதல் எண்ணை எழுதுங்கள்.